வெள்ளை ஓரம்

சிஞ்ஞோரே விரலால் மேசையைத் தட்டுவார். "என்ன பிள்ளை, நடுவிலை நிக்கிறானோ?" தபாலில் வந்த சின்ன அட்டையை நான் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஆட்டக்காரனின் படத்தைச் சுற்றியிருக்கும் வெள்ளை ஓரத்தை நாலு பக்கமும் பார்ப்பேன். "இல்லை, சிஞ்ஞோரே. இடப்பக்கம் நூல் மாதிரிக் கிடக்கு." "அப்ப திருப்பி அனுப்பு. சாஞ்சவனோடை எனக்குக் கதையில்லை."

இத்தாலியில், பலெர்மோ நகரின் லிபெர்த்தாப் பகுதியில் நான் பராமரித்த முதியவர் அவர்; சிஞ்ஞோரே என்றால் அங்கே ஐயா. சிறுவயதில் அமெரிக்காவில் வளர்ந்தவர். அந்தக் காலத்தில் சூயிங்கத்தோடு கிடைத்த பேஸ்போல் வீரர்களின் அட்டைகளை, ஒரு வருசத்துத் தொகுதி முழுவதையும், படம் நடு பிசகாமல் சேர்த்து முடிக்க வேண்டும் என்பதே அவருடைய ஆசை. பந்து வீசுகிற ஒருவனைத் தவிர மற்றவர்கள் வந்துவிட்டார்கள். அவனுடைய உறை மட்டும் ஆல்பத்தில் வெறுமையாக இருந்தது. அதற்குள் கண் மங்கிவிட்டது. இனித் தெளியாது என்று டாக்டரும் கையை விரித்துவிட்டார். ஒவ்வொரு அட்டை திரும்பிப் போகும்போதும் மனிதர் இன்னும் கொஞ்சம் களைத்துப்போவார். "தேடித் தேடி நானே ஒரு பக்கம் சாஞ்சிட்டன்" என்று சிரிப்பார்.

கூட இருந்தவர் அவருடைய அக்கா. வியா மக்வேதாத் தெருவில் கலியாண உடுப்புத் தைத்தவர். ஒருநாள் நான் வந்ததும் சமையலறைக்குள் இழுத்து, அன்று வந்த அட்டையைக் காட்டினார். "இந்தா, சரியாக்கிப் போட்டன். இனி அவன் நிம்மதியாச் சாப்பிடுவான்." அகலமாக இருந்த ஓரத்தை, பாவாடை விளிம்பை நறுக்குவதுபோல, கத்தரித்திருந்தார்! சேர்ப்பவர்களுக்கு வெட்டிய அட்டை செத்த அட்டை. அது அந்த அம்மாவுக்குத் தெரியாது. ஆனால் ஓரமோ நாலு பக்கமும் ஒரே அளவு. முன்னறையில் சிஞ்ஞோரே கேட்டபோது, "ஓம், நடுவிலைதான்" என்றேன். வேறென்ன சொல்ல?

வழக்கம்போல ஆல்பத்திலிருந்து உருவிய மற்ற அட்டைகளோடு சேர்த்து மேசையில் தட்டி அடுக்கினார். பெருவிரலை விளிம்பில் ஓட்டினார். ஓரிடத்தில் விரல் நின்றது. இவன் மற்றவர்களைவிட ஒரு மயிரிழை ஒடுங்கியிருந்தான். அக்கா ஏப்ரனைக் கசக்கியபடி நின்றார்.

"வந்திட்டான் பார், கள்ளன்" என்றார் சிஞ்ஞோரே. "காப்பி போடு, அக்கா." அக்கா உள்ளே போனதும் என் பக்கம் சாய்ந்தார். "கத்தரிக்கோல் இன்னும் நல்ல கூர், என்ன?" உறைக்குள் போடச் சொல்லி அட்டையை நீட்டினார். அதன்பிறகு ஆல்பத்தை மடியில் வைக்கக் கேட்கவேயில்லை. மத்தியானங்களில் தூங்கினார்.

அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். நான் இப்போதும் பொலிதேயாமாவில் பஸ் மாறி அதே வீட்டுக்குத்தான் போகிறேன். முதுகு நோகிறது, படிகள் கூடிவிட்டதுபோல இருக்கிறது. அக்காவுக்குக் கால் வீக்கம். மத்தியானத்தில் ஆல்பத்தை விரிக்கச் சொல்லி, அந்தப் பக்கத்தைத் தடவிப் பார்ப்பார்.

"கடைசிவரை அவன் கண்டுபிடிக்கேல்லை, என்ன?"

"இல்லை, சிஞ்ஞோரா" என்று சொல்லி, காலை நீட்டச் சொல்லி, எண்ணெய் தடவத் தொடங்குகிறேன்.