வெளியே பூட்டிய வேன்

வின்சியைப் பயந்தாங்கொள்ளி என்று யாரும் சொன்னதில்லை. இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணிக் கம்பெனியில் வேலை பார்த்த காலத்தில் இரண்டாம் ஷிப்ட் முடிந்து தனியாகவே வீட்டுக்கு நடந்து வந்தவள். குளியலறையில் பாம்பு புகுந்தபோது, புருஷன் எட்வின் நாற்காலி மேல் ஏறி நிற்க, அவள்தான் துடைப்பத்தோடு உள்ளே போனாள். இந்தக் கதையை எட்வினே சிரித்துச் சிரித்து எல்லாரிடமும் சொல்வான்.

எட்வின் நூற்பாலை மெஷின்களைப் பழுது பார்க்கும் பிட்டர். எந்த மில்லில் மெஷின் படுத்துக்கொண்டாலும் அவனைக் கூப்பிடுவார்கள். போனால் வாரக்கணக்கில் அங்கேயே கிடக்க வேண்டும். ஓட்டல் சாப்பாடு அவன் வயிற்றைப் புண்ணாக்கிவிட்டது. மகள் ஷீனா நர்சிங் படிக்க நாகர்கோவில் ஹாஸ்டலுக்குப் போனதும், "வெறும் வீட்டைக் காத்துக்கிட்டு நான் எதுக்குக் கெடக்கணும், நானும் வாரேன்" என்று வின்சியும் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டாள். பழைய ஸ்கூல் வேன் ஒன்றை வாங்கி, சீட்டுகளைக் கழற்றி எறிந்துவிட்டு, கட்டிலும் அடுப்பு மேடையும் தண்ணீர்த் தொட்டியும் பேட்டரியில் ஓடும் ஃபேனும் வைத்துக்கொண்டார்கள். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் தகரம் அடித்து மறைத்ததும் அது வீடாகிவிட்டது. ஏறி இறங்கப் பின்பக்கக் கதவு ஒன்றுதான். மில் வாசலில் வேனை நிறுத்திவிட்டு எட்வின் உள்ளே போவான். மத்தியானம் சுடுசோறும் ரசமும் தயாராக இருக்கும். இரண்டு வருஷம் நன்றாகத்தான் ஓடியது.

ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி ஒரு மில். வாசலில் லாரிகள் நின்றதால் வேனைச் சற்றுத் தள்ளி, வேப்பமர நிழலில் போட்டிருந்தார்கள். சாப்பாடு முடிந்து எட்வின் போய்விட்டான். வின்சி கண்ணயர்ந்திருந்தாள். பைக் ஒன்று வந்து நின்ற சத்தம் கேட்டது. பிறகு பேச்சுச் சத்தம் இல்லை. அவள் கண்ணைத் திறந்தபோது, பின்கதவின் கைப்பிடி மெள்ளக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

எட்வின் என்றால் கூப்பிட்டிருப்பான். கைப்பிடி மேலே போய், மறுபடியும் இறங்கியது.

"ஆளு இல்லலே. நெம்பு" என்றது ஒரு குரல், மிகவும் நிதானமாக.

கதவிடுக்கில் தட்டையான இரும்பு ஒன்று நுழைந்து வந்தது. கதவில் இருந்தது ஸ்கூல் பிள்ளைகள் விழாமலிருக்கப் போட்ட பூட்டு. எவ்வளவு நேரம் தாங்கும்?  கட்டிலிலிருந்து உருண்டு இறங்கி, கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து, கதவின் சட்டத்தில் காலை உதைத்துக்கொண்டு உள்பக்கமாக இழுத்தாள். வெளியே இருந்தவன் இழுத்தான். பூட்டு விட்டுப்போய்க் கதவு நாலு விரல் அகலம் திறந்தது. அந்த இடுக்கில் ஒரு கண் தெரிந்தது. அந்தக் கண் அவளைப் பார்த்தது. பார்த்த பிறகும் அவன் கையை எடுக்கவில்லை. அப்போதுதான் அவளுக்குக் குரல் வந்தது.

மில் வாட்ச்மேன் சுயம்புலிங்கம் கம்போடு ஓடி வருவதற்குள் பைக் போய்விட்டது. எதுவும் களவு போகவில்லை. ஆனால் வின்சியால் அதற்குப் பிறகு அந்தக் கதவுக்கு முதுகு காட்டி உட்கார முடியவில்லை. சோறு வடிக்கும்போதும் திரும்பித் திரும்பிப் பார்ப்பாள். குழம்பு அடிப்பிடித்தது. கண்ணை மூடினால் அந்தக் கண் வந்தது.

"களவாணிப் பயக, ஆளு இல்லன்னு நெனைச்சு வந்துட்டானுவ. விடு வின்சி" என்றான் எட்வின்.

"ஆளு இருக்குன்னு பாத்த பொறவும் இழுத்தானுவ" என்றாள்.

மறுநாளே எட்வின் இராஜபாளையத்தில் மலைச்சாமியின் வெல்டிங் பட்டறைக்கு வேனைக் கொண்டுபோனான். பழைய பூட்டு போனது. உள்ளே கதவுக்குக் குறுக்காக இரும்புக் கம்பி வந்தது. ஜன்னல்களுக்குக் கிரில் வந்தது. வின்சி பக்கத்திலேயே நின்று, ஒவ்வொரு கம்பியையும் பிடித்து ஆட்டிப் பார்த்தாள்.

"வெளியவும் ஒரு கொண்டி வையுங்கண்ணே. இவிய போகும்போது பூட்டிட்டுப் போகட்டும்."

"உள்ள நீங்க இருக்கும்போதா?" மலைச்சாமி முகமூடியைத் தூக்கிக்கொண்டு கேட்டார். "என்னம்மா, வண்டியா ஜெயிலா?"

"பெரிய பூட்டாத் தொங்குனா எவனும் கைவைக்க மாட்டான்."

எட்வினுக்கு மனசில்லை. ஆனாலும் அவள் கொஞ்ச நேரமாவது நிம்மதியாகத் தூங்கட்டும் என்று நினைத்துக்கொண்டான். அன்றிலிருந்து அவன் வெளியே பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போவான். அவள் உள்ளே குறுக்குக் கம்பியை மாட்டிக்கொள்வாள். தூக்கமும் கொஞ்சம் வந்தது.

அடுத்த வேலை இராஜபாளையத்திலேயே கிடைத்தது. அது நல்ல வெயில் காலம். மில்லின் மதிலோரம் வேன் நின்றது. வின்சி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ரப்பர் கருகும் வாடை வந்தது. வெளியே எவனோ டயரைக் கொளுத்துகிறான் என்று முதலில் நினைத்தாள். ஃபேன் நின்றது. கட்டிலுக்கு அடியில், பேட்டரிப் பெட்டியிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

குடத்துத் தண்ணீரைத் தூக்கியவள், கரண்டில் தண்ணீர் ஊற்றலாமா என்று பயந்து கீழே வைத்துவிட்டாள். குறுக்குக் கம்பியைப் பிடுங்கி எறிந்து கதவைத் தள்ளினாள். கதவு அசையவில்லை. வெளியே பூட்டு. அவள் கேட்டு வாங்கிய பூட்டு.

எட்வினுக்குப் போன் போட்டாள். மணி போய்க்கொண்டே இருந்தது. மெஷின் இரைச்சலில் அவன் காதில் எங்கே விழப்போகிறது! புகை முழங்காலுக்கு ஏறி, இடுப்புக்கு ஏறியது. ஜன்னல் கிரில்லைப் பிடித்து உலுக்கினாள். மலைச்சாமி வேலை சுத்தமான வேலை. ஒரு கம்பிகூட அசையவில்லை. முகத்தைக் கம்பியில் அழுத்தி வைத்துக்கொண்டு, "யாராச்சும் வாங்களேன்! ஏசுவே, யாராச்சும்!" என்று கத்தினாள். இருமல் வந்து குரலைத் தின்றது. இனி ஷீனாவிடம் யார் சொல்வார்கள் என்று ஒரு நினைப்பு வந்தது. கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

ஷிப்ட் முடிந்து பெண்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் பாண்டிசெல்வி என்பவள்தான் ஜன்னலில் முகத்தைப் பார்த்தது. "ஏட்டி, உள்ள ஒரு பொம்பள கெடக்கா!" என்று சாப்பாட்டுத் தூக்கை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தாள். கல்லை எடுத்துப் பூட்டை அடித்தாள். பூட்டு அடிவாங்கி ஆடியதே தவிர, திறக்கவில்லை. இரண்டு பேர் எட்வினைத் தேடி உள்ளே ஓடினார்கள். பக்கத்தில் குழாய்க்குப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தவர் கடப்பாரையோடு வந்தார்.

"பூட்ட விடுங்க, கீலப் பாருங்க!" என்று பாண்டிசெல்வி கத்தினாள். கதவின் கீல்கள் வெளிப்பக்கம் துருவேறிக் கிடந்தன. கடப்பாரையைக் கொடுத்து நெம்பியதும் மேல்கீல் பெயர்ந்தது. அடுத்த நெம்பில் கீழ்க்கீலும் வந்துவிட்டது. கதவு கொண்டியிலேயே தொங்க, இடுக்கு வழியாக வின்சியின் அக்குளில் கை கொடுத்து இழுத்துப் போட்டார்கள்.

"மூச்ச இழுங்கக்கா, நல்லா இழுங்க. ஒண்ணுமில்ல" என்று பாண்டிசெல்வி முதுகைத் தடவினாள். எட்வின் கையில் சாவியோடு ஓடி வந்து நின்றான்.  மண்ணில் உட்கார்ந்து அவளுடைய கால்களைப் பிடித்துக்கொண்டான். மில் ஆட்கள் மணலை அள்ளிப் போட்டுத் தீயை அணைத்தார்கள். மெத்தையில் பாதி எரிந்திருந்தது.

மூச்சு சீரானதும் வின்சி அந்தக் கீலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு நெம்பு. அவ்வளவுதான். இத்தனை நாள் இரும்பை நம்பிக் கண்மூடிக் கிடந்திருக்கிறாள். அன்றைக்குப் பைக்கில் வந்தவன் இந்தப் பக்கம் கைவைத்திருந்தால்?

வேனை விற்றுவிடலாம் என்றான் எட்வின். அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே வேண்டாம் என்று தலையாட்டினாள்.

மறுபடியும் மலைச்சாமி பட்டறை. இந்தத் தடவை வெளிக்கொண்டியை அறுத்து எடுத்தார்கள். கீல்கள் உள்பக்கம் போயின. உள்ளிருந்து சாவியில்லாமல் ஒரே கையால் திறக்கிற மாதிரி உறுதியான தாழ்ப்பாள் வந்தது. ஒரு ஜன்னல் கிரில் உள்ளிருந்து தள்ளினால் திறந்துகொள்ளும். பேட்டரி வயர்களை எல்லாம் மாற்றி ஃப்யூஸ் போட்டார்கள். தாழ்ப்பாளை வின்சி கண்ணை மூடிக்கொண்டு திறந்து பார்த்தாள். பிறகு மூச்சை அடக்கிக்கொண்டு திறந்து பார்த்தாள். மலைச்சாமி இந்த முறை கேலி செய்யவில்லை.

பயம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. முன்பு ஒரு பயம்தான் இருந்தது, யாரோ உள்ளே வந்துவிடுவான் என்று. இப்போது தான் வெளியே போக முடியாது என்கிற பயமும் சேர்ந்துகொண்டது. புது மில்லுக்குப் போனால் முதலில் வாட்ச்மேனிடமும் டீக்கடைக்காரரிடமும் போய், "இந்த வேன்ல நான் தனியா இருப்பேன், செத்த பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் அடுப்பைப் பற்ற வைப்பாள். எட்வின் மத்தியானம் சோற்றுக்கு வரும்போது, அவள் சில நாள் கதவைத் திறந்து போட்டுப் படியில் உட்கார்ந்திருப்பாள். சில நாள் தாழிட்டுக்கொண்டிருப்பாள். அன்றைக்கு எது பெரிய பயமாக இருக்கிறதோ, அதைப் பொறுத்தது.