திருப்பிய காரணம்

அப்பாவுக்கு நுரையீரல் இறுகிக்கொண்டே போகும் நோய். இனி மருந்து இல்லை, ஆக்சிஜன்தான் என்று டாக்டர் கைவிரித்த அன்று மாலையே இரும்புலியூரில் ஒரு வாடகைக் கடையிலிருந்து எங்கள் கோவிலம்பாக்கம் வீட்டுக்கு ஆக்சிஜன் மெஷின் வந்தது. கட்டில், காற்று மெத்தை, சக்கர நாற்காலி என்று நோயாளி வீட்டுக்கு வேண்டியதையெல்லாம் வாடகைக்கு விடும் கடை அது. மெஷினைத் தூக்கி வந்தவர்களிடம் அம்மா வாசலிலேயே சொல்லிவிட்டாள்: "இத திருப்பிக் குடுக்க இவரே எழுந்து நடந்து வருவாரு, பாத்துக்குங்க." அவர்கள் தலையாட்டினார்கள்.

அதன் பிறகு வீட்டில் யாரும் வேறு மாதிரிப் பேசக் கூடாது என்றாகிவிட்டது. சித்தப்பா ஒருநாள், "எதுக்கும் மனசத் தேத்திக்குங்க அண்ணி" என்று இழுத்தார். "வாயக் கழுவு" என்று அம்மா எழுந்துவிட்டாள். அவருக்குப் போட்ட காபியை எடுத்துக்கொண்டு போய்த் தொட்டியில் ஊற்றினாள். எனக்கும் சேர்த்துத்தான் அந்தப் பாடம்.

என் பிழைப்பைச் சொல்ல வேண்டும். கடைகள், கம்பெனிகள் ஆகியவற்றின் கணக்கு மென்பொருளையும், வாடிக்கையாளர்களுக்கு மெயில் அனுப்பும் மென்பொருளையும் கோத்துவிடுவது என் வேலை. ஒன்றின் பாஷை மற்றதற்குத் தெரியாது. கல்யாணத் தரகர் மாதிரி நடுவில் ஒன்றை உட்கார வைத்து, இங்கே இன்னது நடந்தால் அங்கிருந்து இன்ன மெயில் போகட்டும் என்று சொல்லிவைத்துவிட்டால், பிறகு மனிதர் கை வைக்க வேண்டியதே இல்லை. வீட்டிலிருந்தே செய்யலாம் என்பதால் அப்பாவின் இருமலைக் கேட்டபடி செய்துகொண்டிருந்தேன்.

வாடகைக் கடைக்கார பாய் தங்கமான மனிதர். ஒரு மத்தியானம் கரண்ட் போனபோது தானே சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். என் லேப்டாப்பைப் பார்த்து விசாரித்துத் தெரிந்துகொண்டு, "நம்ம கடைக்கும் அத மாட்டி விடுங்கம்மா. எல்லாரும் மெயில் அனுப்பறான், நாம மட்டும் ஊமையா கீறோம்" என்றார். சாமான் திரும்பி வந்து கணக்கு முடிந்ததும், 'நன்றி, மீண்டும் வாருங்கள்' என்று வாடிக்கையாளருக்கு ஒரு மெயில் போக வேண்டும். இவ்வளவுதான் அவர் கேட்டது.

கடையில் உட்கார்ந்து அதைப் பொருத்திக்கொண்டிருந்தபோது ஒருவர் டெம்போவில் கட்டிலைத் திருப்பிக் கொண்டுவந்தார். புதிதாக மழித்த மொட்டைத் தலை. கவுண்டரில் பில் போடும் பெண் அவர் தலையைப் பார்த்தாள், குனிந்துகொண்டாள். முன்பணத்தை எண்ணிக் கொடுத்தாள், கையெழுத்து வாங்கினாள். தேங்க்ஸ் சொல்லவில்லை, வாங்க என்று சொல்லவில்லை. அவரும் வர்றேன் என்று சொல்லாமல் படியிறங்கிப் போனார். எழவு வீட்டிலிருந்து கிளம்பும்போது சொல்லிக்கொள்ள மாட்டோம் அல்லவா, அந்தக் கடையிலும் அதுவே வழக்கம்.

"பாய், இவருக்குப் போய் மீண்டும் வாருங்கள்னு மெயில் அனுப்பினா செருப்பால அடிப்பாரு" என்றேன்.

"கால் ஒடிஞ்சவன், ஆபரேஷன் பண்ணவன்லாம் குணமாகித்தானேம்மா திருப்பறான்? அவனுக்குப் போலாம்ல?"

போகலாம். ஆனால் யார் குணமாகித் திருப்பினார்கள், யார் இல்லை என்பது மென்பொருளுக்கு எப்படித் தெரியும்? அந்தக் கடையில் யாரும் யாரையும் கேட்டதே இல்லை, அதனால் எங்கேயும் எழுதி வைத்ததும் இல்லை. நான் கணக்கில் புதிதாக ஒரு கட்டம் சேர்த்தேன். பெயர், 'திருப்பிய காரணம்'. அதை நிரப்பாமல் கணக்கை முடிக்க முடியாது. அதில் தேர்ந்தெடுக்க இரண்டு சொற்கள் வைத்தேன்: குணமானது, இறப்பு. பாய் பதறிப்போனார். "மௌத்துன்னு கடைல எழுதி வெக்காதீங்கம்மா, பரக்கத் போயிடும், யாவாரம் விளங்காது." சரி என்று இறப்பை 'மற்றவை' என்று மாற்றினேன். மற்றவை என்றால் மெயில் கிடையாது. குணமானது என்றால் மட்டும், 'உங்கள் வீட்டவர் நலமடைந்ததில் எங்களுக்கு மிக்க மகிழ்ச்சி. உங்கள் அனுபவத்தைப் பதிலாக எழுதி அனுப்புங்கள்' என்று போகும். வாசகம் நான் எழுதியதுதான். அன்று பெருமையாகத்தான் வீட்டுக்கு வந்தேன்.

வீட்டில் சாண் ஏறினால் முழம் சறுக்கியது. மெஷினின் டியூப் குளியலறை வரை எட்டும், பால்கனிக்கு எட்டாது. தெருவைப் பார்க்க ஆசைப்பட்டு டியூப்பைக் கழற்றிவிட்டுப் போய், அப்பா அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவரைத் தூக்கும்போது எனக்கு அவர் கனமே தெரியவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் அம்மா என்னையும் விரட்டுவாள்.

சில வாரம் கழித்து, இணைப்பு ஒழுங்காக ஓடுகிறதா என்று வீட்டிலிருந்தே கடைக் கணக்கைத் திறந்து பார்த்தேன். குணமானது, குணமானது, குணமானது. மேலிருந்து கீழ்வரை அதுவேதான். ஆக்சிஜன் மெஷின் எடுத்தவர்களுக்குக்கூட அதுதான். இந்தத் தொழிலில் ஊறிய எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன்.

அப்பா மறைமலை நகரில் கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்து ஓய்வு பெற்றவர். மூச்சு வாங்க வாங்கக் கேட்டார்: "எல்லாமே பாஸா?"

"எல்லாமேப்பா."

"அப்ப எவனும் செக் பண்ணலம்மா." சிரித்தார், சிரிப்பு இருமலாகி நெடுநேரம் நிற்கவில்லை.

எனக்கு வந்த கோபத்தில் பில் போடும் பெண்ணைக் கூப்பிட்டுக் கத்தினேன். அவள் அசரவில்லை. "திருப்ப வர்றவங்க மூஞ்சியப் பாத்து இன்னா காரணம்னு எப்டி மேடம் கேக்கறது? மத்ததுன்னா இன்னான்னு எனக்குத் தெரியாதா? ஒருத்தர் பேருக்கு நேரா அத அமுக்க கை வரல மேடம். நம்ம வாயால சொன்ன மாதிரி ஆயிடும்." பிறகு எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று, "உங்கப்பாவுக்கும் நான் நல்லதாத்தான் போடுவேன், பாருங்க" என்றாள்.

திங்கட்கிழமை பாயிடம் பேசி மெயிலையே நிறுத்திவிடலாம் என்று இருந்தேன். சனிக்கிழமை மத்தியானம், அம்மா கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தபோது அப்பா போய்விட்டார். மெஷின் அதன் பிறகும் ஓடிக்கொண்டிருந்தது. நான்தான் அணைத்தேன்.

கடைக்குத் தெரியாமல் இல்லை. பாய் வந்து மாலை போட்டு, அம்மாவுக்கு எதிரே கைகட்டி நின்றுவிட்டுப் போனார். காரியத்துக்கு முன்பே கடை ஆட்கள் வந்து மெஷினை எடுத்துப் போனார்கள். அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். அவர்கள் சொல்லிக்கொள்ளாமல் போனார்கள்.

அன்று சாயங்காலம் என் போனுக்கு மெயில் வந்தது. உங்கள் வீட்டவர் நலமடைந்ததில் எங்களுக்கு மிக்க மகிழ்ச்சி.

அந்தப் பெண்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்கிறாள். ஆனால் நான் எழுதிய வார்த்தைகள் நெஞ்சில் ஏறி மிதித்தன. கூடம் நிறையச் சொந்தக்காரர்கள் இருந்தும் வாய்விட்டு அழுதேன்.

"என்னடி அது, படி" என்றாள் அம்மா.

வேண்டாம்மா என்றேன். படி என்றாள். படித்தேன். அனுபவத்தை எழுதி அனுப்பச் சொல்லியிருக்கும் வரி வரைக்கும் கேட்டாள். அவள் ஒப்பாரி வைக்கப்போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

"பதில் எழுது" என்றாள்.

"எதுக்கும்மா?"

"எழுதுடி. என்ன ஆச்சுன்னு கேக்கறாங்கல்ல? எழுது."

நான் 'அப்பா காலமாகிவிட்டார்' என்று தட்டினேன். என்ன எழுதினாய் என்று கேட்டாள், வாசித்துக் காட்டினேன்.

"அத அழி" என்றாள். "செத்துட்டாருன்னு போடு."

போட்டேன்.