உயிரோடு இருக்கிறவருக்கு ஊதுவத்தி

அருங்காட்சியகத்தில் நின்று விளக்கம் சொல்கிறவர்களுக்குத் தொண்டை கட்டுவதற்கு முன்னாலேயே பொறுமை தீர்ந்துவிடும். எந்தக் கண்காட்சியிலாவது மூன்று நாள் ஸ்டால் போட்டு நின்றவர்களே, நான் சொல்வது உங்களுக்குப் புரியும்.

நான் விருத்தாசலத்துக்காரி. வேலை பார்ப்பது கேரளக் கடற்கரையில் உள்ள ஒரு சின்ன யூத அருங்காட்சியகத்தில். அதை நடத்தும் ரேச்சல் அக்காவின் குடும்பம், அந்த ஊரில் மிச்சமிருக்கும் நாலைந்து யூதக் குடும்பங்களில் ஒன்று. பல வருடம் சென்னையில் இருந்தவர்கள், தமிழ் நன்றாகவே பேசுவார்கள். எங்கள் ஊரில் மக்கள் வரலாற்று விழா என்றதும் நான்தான் அக்காவை வற்புறுத்தி அழைத்து வந்தேன். "நாங்க இன்னும் இருக்கோம்னு நாலு பேருக்குத் தெரியணும், அது போதும்" என்றார். அந்த ஒன்றைக்கூட என் சொந்த ஊரில் செய்து தர முடியாமல் போய்விடுமோ என்று நான் பட்ட பாடுதான் இது.

முட்டியால் ஒரு சோதனை

யூதர்களின் பாஸ்கா பண்டிகை விருந்துக்கு வைக்கும் பழைய பீங்கான் தட்டு ஒன்று எங்களிடம் உண்டு. அக்காவின் பூட்டனார் காலத்தது. பக்கத்திலேயே 'தொடாதீர்கள்' என்று கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருந்தேன். இங்கே செராமிக் யூனிட் நடத்தும் ஒருவர் வந்தார். நான் எழுதியதை வாய்விட்டுப் படித்தார். படித்து முடித்து, தட்டைக் கையில் எடுத்தார். குப்புறத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தார். காதருகே கொண்டுபோய் விரல் முட்டியால் 'டொக்' என்று ஒரு தட்டு.

எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. பீங்கான் தொழிலுக்குப் பேர்போன எங்கள் ஊரில் எதையும் தட்டிப் பார்க்காமல் யாரும் வாங்க மாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும். ஆனால் இதை யார் விற்க வந்தார்கள்? "சார், அதை வைங்க முதல்ல!" என்று கத்தியேவிட்டேன். அவர் நிதானமாக வைத்தார். என்னைப் பரிதாபமாகப் பார்த்து, "ஓரத்துல மயிரிழை விரிசல் இருக்குதும்மா, சத்தம் அடைக்குது. வாங்கும்போதே தட்டிப் பார்த்து வாங்க வேணாமா?" என்றார்.

விளக்கு இருக்கும் இடத்தில்

வெள்ளிக்கிழமை மாலையில் யூத வீடுகளில் ஏற்றும் தொங்கு விளக்கை ஸ்டாலின் நடுவில் மாட்டியிருந்தோம். பித்தளை விளக்கைக் கண்டதும் ஜனங்கள் வாசலிலேயே செருப்பைக் கழற்ற ஆரம்பித்தார்கள். பதினோரு மணிக்கு உள்ளே வர வழியில்லை. நான் செருப்புகளை ஓரம் தள்ளிவிட்டு நிமிர்ந்தால், விளக்குக்குக் குங்குமம் வைத்திருக்கிறார்கள். துடைத்தேன். மறுபடியும் வைத்தார்கள். அவர்கள் பக்தியில் எனக்குக் குறையில்லை, ஆனால் நான் நாலு வருடமாக மனப்பாடம் செய்த விளக்கத்தை ஒரு ஆளாவது காது கொடுத்துக் கேட்க வேண்டாமா? வேப்பூரிலிருந்து வந்த ஒரு அம்மா, நான் சொன்னதையெல்லாம் கைகூப்பியபடி கேட்டார். மனம் குளிர்ந்து நின்றேன். முடித்ததும் உள்ளங்கையை நீட்டி, "எல்லாம் சரிங்க, துன்னூறு எங்க?" என்றார்.

பேனர்

இரண்டாம் நாள் காலையில் போனால் எங்கள் ஸ்டாலுக்கு மேலே புதுசாக ஒரு பேனர். 'மறைந்துபோன மக்கள்'. அதற்கு நேர் கீழே ரேச்சல் அக்கா நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறார்! "சாயங்காலம் வரைக்கும் பார்ப்பேன். எடுக்கலைன்னா பெட்டியைக் கட்டிடலாம்" என்றார். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், சாதாரணமாகச் சொன்னதுதான் தாங்கவில்லை.

விழாக்குழுச் செயலாளரிடம் ஓடினேன். "சார், மறைஞ்சு போனவங்க உங்க பேனருக்குக் கீழ உக்காந்து டீ குடிக்கிறாங்க, வந்து பாருங்க" என்றேன். அவர் கையிலிருந்த அழைப்பிதழ்க் கட்டிலிருந்து தலையைத் தூக்கவேயில்லை. "ஒருத்தங்கதானேம்மா இருக்காங்க? ஒருத்தங்களுக்காக பேனரை மாத்த முடியுமா?" என்றார்.

மாலை மரியாதை

மதியம் பெரிய மனிதர்கள் பார்வையிட வருவதாக இருந்தது. நானும் அக்காவும் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் விழாக்குழுவினர் எங்கள் ஸ்டாலுக்கு மரியாதை செய்திருந்தார்கள். சுவரில் நாங்கள் மாட்டியிருந்த குடும்பப் புகைப்படங்கள் அத்தனைக்கும் சந்தன மாலை. நடுவில் இருந்த பெரிய படத்துக்கு முன்னால் ஊதுவத்தி வேறு புகைந்தது. அது அக்காவுடைய அம்மாவின் கல்யாணப் படம். அந்த அம்மா நேற்று ராத்திரிகூட என்னிடம் போனில் பேசினார்.

மாலையைப் பிடுங்கப் போனேன். அதற்குள் அக்காவின் போன் அடித்தது. தினமும் சாப்பிடும் நேரத்தில் அம்மா வீடியோவில் வருவது வழக்கம். அக்கா போனைச் சுவர்ப்பக்கம் திருப்பிக் காட்டினார். சோற்றுக் கையோடு அந்த அம்மா தன் படத்தை உற்றுப் பார்த்தார். "யாரு இதைப் போட்டது?" என்றார். நாற்காலி போட வந்த செயலாளர் அங்கேதான் நின்றிருந்தார். போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டி, "இவங்கதான் சார், மறைஞ்சு போனவங்க" என்றேன். மனிதர் போனைப் பார்த்துக் கும்பிட்டார்.

அம்மா சிரிக்கவில்லை. "மாலை நல்லாத்தான் இருக்குது தம்பி. ஊதுவத்தியை மட்டும் அணைச்சிடுங்க, நான் இன்னும் மோர் சாதத்துக்கே வரலை" என்றார்.

செயலாளரே நாற்காலி மேல் ஏறிப் பேனரைக் கழற்றினார் என்பது உண்மைதான், ஆனாலும் ஒரு சமூகத்தார் இன்னும் இருக்கிறார்கள் என்று நம்ப வைக்க அத்தனை பழம்பொருளும் என் நாலு வருட விளக்கமும் போதாமல், ஒரு அம்மா பாதிச் சாப்பாட்டில் வந்து சாட்சி சொல்ல வேண்டியிருக்கிறதே, அதுதான் எங்கள் தொழில்.