பீஸும் டஜனும்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் புரோகிராம் எழுதுவது என் வேலை. பெட்டிகளில் ஒட்டும் ஸ்டிக்கர் எங்கள் அறையில்தான் அச்சாகும். எத்தனை பீஸ், எவ்வளவு எடை என்று என் புரோகிராம் கணக்குப் போட்டுத் தரும். அதில் தப்பு வந்தால் சரக்கு துறைமுகத்தில் நின்றுவிடும்.

டைப்ஸ்கிரிப்ட் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதியதை அப்படியே ஓட்டும் டூல் ஒன்று உண்டு. கறுப்புத் திரையில் டூல் பெயரையும் ஃபைல் பெயரையும் அடித்தால் போதும். நல்ல டூல்தான். ஆனால் எந்த இடத்தில் எந்த வகைக் கணக்கு வர வேண்டும் என்று நாம் எழுதி வைத்ததை அது சரிபார்க்காது, கழற்றி எறிந்துவிட்டு ஓட்டும். அந்தச் சோதனைக்குத் தனி கமாண்ட் இருக்கிறது.

எங்கள் ஊரில் டீசர்ட்டுக்குப் பீஸ் கணக்கு, ஜட்டிக்கு டஜன் கணக்கு. முதல் ஜட்டி ஆர்டர் வருகிறது என்றதுமே பீஸை ஒரு வகையாகவும் டஜனை வேறு வகையாகவும் எழுதினேன். ஒன்றின் இடத்தில் இன்னொன்று வந்தால் சோதனை பிடித்துவிடும். ஒவ்வொரு தடவையும் சோதனை முடிந்த பிறகே ஓடும்படி வைத்தேன். நேரமாகிறது என்று முதலாளி அதை எடுக்கச் சொன்னார். சண்டை போட்டேன். எடுக்க வைத்தார்.

ஜட்டி கிளம்பும் நாள். லாரி கேட்டில் நின்றது. என்னோடு வேலை செய்யும் மதுரைக்காரர் கடைசி நேரத்தில் புரோகிராமில் கை வைத்து ஓட்டிவிட்டார். ஸ்டிக்கர் வந்துகொண்டிருந்தது. நான் பிரிண்டரை அணைத்தேன்.

"என்னக்கா இது? ஓடுதுல்ல. ஒரு எர்ரரும் இல்ல."

"ஓடுனா செரியா இருக்குன்னு ஆரு சொன்னா? செக் பண்ணுனீங்களா?"

"அதத்தான் மொதலாளி எடுக்கச் சொல்லிட்டாருல்ல."

முதலாளி உள்ளே வந்தார். "ஏம்மா, லாரி நிக்குது. உங்க ரெண்டு பேருக்கும் இப்பத்தான் பஞ்சாயத்தா?"

நான் சோதனைக் கமாண்டை அடித்தேன். சிவப்பில் ஒரு வரி வந்தது. பீஸ் வர வேண்டிய இடத்தில் டஜன்.

"செவப்பா என்னமோ வருது. எனக்கென்னம்மா தெரியும்?"

"வாங்க, காட்டறனுங்க."

ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டி ஒன்றை இரண்டு பேர் முக்கித் தூக்கிக்கொண்டு போனார்கள். நிறுத்தச் சொன்னேன். நாற்பது டஜன் இருந்த பெட்டியில் நாற்பது பீஸ் என்று ஒட்டியிருந்தது. ஸ்டிக்கரில் போட்டிருந்த எடை மூன்று கிலோகூட இல்லை.

"மூணு கிலோவத் தூக்க ரெண்டு ஆளுங்களா?" என்றேன்.

முதலாளி ஸ்டிக்கரையே பார்த்தார். "இத மொதல்லயே புடிச்சிருக்கலாமில்ல?"

"புடிச்சிருக்கும். எடுக்கச் சொன்னது நீங்கதானுங்க."

அவர் மதுரைக்காரரைப் பார்த்தார். மதுரைக்காரர் ஏற்கெனவே உட்கார்ந்து ஸ்டிக்கரை உரித்துக்கொண்டிருந்தார். முதலாளியும் சட்டைக் கையை மடித்துவிட்டு ஒரு பெட்டி முன்னால் உட்கார்ந்தார். நான் அந்த வரியைத் திருத்தினேன். சோதனையைப் பழைய இடத்திலேயே திரும்ப வைத்தேன், யாரிடமும் கேட்கவில்லை. சோதனை முடிந்தது, சிவப்பு இல்லை. பிறகுதான் பிரிண்டரைப் போட்டேன்.

லாரி தாமதமாகத்தான் கிளம்பியது. சரியான ஸ்டிக்கரோடு கிளம்பியது.