ஆள் வராத சனிக்கிழமைகளிலும் வந்த நர்ஸம்மா

போன செவ்வாய்க்கிழமை காலையில் மருமகள் செல்போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். "அத்தை, நம்ம நர்ஸம்மா தவறிட்டாங்களாம். சதுரங்கப்பட்டினத்துலேர்ந்து அவங்க புள்ள பேசறாரு." இரண்டு பேரும் பஸ் ஏறினோம்.

அவர்கள் பெயர் ஜுலைகா பீவி. செங்கல்பட்டில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், ஏரிக்கரையில் இருக்கிற எங்கள் குடிசைகளுக்குத் தொண்ணூறுகளில் சுகாதார நர்ஸாக வந்தவர்கள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். கட்டுரை எழுதத் தெரியாது. ஆனால் அவர்கள் மனதில் கடைசிவரை கிடந்தது என்ன என்று எனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

அவர்கள் முதன்முதலில் வந்த நாளில், வயசுப் பெண்களுக்குப் பால்வாடியில் சனிக்கிழமை தோறும் வகுப்பு என்றார்கள். உடம்பைப் பற்றி, மாதாமாதம் வரும் தூரத்தைப் பற்றி, கர்ப்பப்பையைப் பற்றி. பையன்கள் சைக்கிளில் சாய்ந்துகொண்டு சீண்டினார்கள். "எங்களுக்கு இன்னா கிளாசு நர்ஸம்மா?"

"உனக்கும் வெச்சிக்கீறேன். மொதல்ல மூஞ்சி கழுவினு வா."

சொன்னபடி அவர்களுக்கும் ஒருநாள் நடத்தினார்கள். ஐந்து பேர் வந்தார்கள். சுண்டல் தீர்ந்ததும் நாலு பேர் எழுந்து போனார்கள்.

பெண்கள் வகுப்புக்கு எதிராகச் சண்டைக்குப் போனவர்களில் நான்தான் முன்னால் நின்றேன். இன்றைக்கு எதிர்த்ததே இல்லை என்று சொல்கிற சிலர் அன்றைக்கு என் முதுகுக்குப் பின்னால் நின்று கத்தியவர்கள்தான். எனக்கு எல்லார் முகமும் நினைவிருக்கிறது. "வயசுக்கு வராத பொண்ணு காதுல இதெல்லாம் போடாத. மஞ்சத்தண்ணி ஊத்தின பொண்ணுங்கள மட்டும் அனுப்பறோம்" என்றேன்.

"வந்தப்புறம் சொல்றதுக்கு நான் எதுக்குக்கா? முன்னாடியே சொல்லணும்" என்றார்கள். நாங்கள் அசையவில்லை. ஒருத்தியும் வராமல் போவதற்கு இது மேல் என்று கடைசியில் நர்ஸம்மா தலையாட்டினார்கள். சடங்கு முடிந்த பெண்கள் பெயரை மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

வகுப்பில் ஒரே சிரிப்பாக இருக்கும். கரும்பலகையில் கர்ப்பப்பையை வரைந்தபோது ஒருத்தி, "இன்னா நர்ஸம்மா, மாட்டு மூஞ்சி மாதிரி கீது?" என்று கேட்டாள்.

"ஆமாண்டி. அந்த மாட்டு மூஞ்சிக்குள்ளதான் நீ பத்து மாசம் குந்திகினு இருந்த."

சடங்கு ஆகாத பெண் உள்ளே நுழையாமல் வெளியே காவலுக்கு நின்ற நானே சிரித்துவிட்டேன்.

என் பேத்தி ரேவதி பதின்மூன்று வயதில் வயசுக்கு வந்து உட்கார்ந்தாள். தாய்மாமன் வந்து பச்சை ஓலையில் குடிசை கட்டினால்தான் சடங்கு. அவன் செய்யூர்க்காரன், என் மருமகளின் அண்ணன். என் மகன் கல்யாணத்தில், மாப்பிள்ளையைப் பெற்ற எனக்குப் பந்தியில் இலை போடாமல் எழுப்பிவிட்டவன். அவன் முதலில் என் வாசலில் வந்து மன்னிப்புக் கேட்கட்டும், அப்புறம் ஊருக்குச் சொல்லலாம் என்று மருமகள் வாயை அடைத்தேன். எங்கள் தெருவில் சடங்கு செய்ய முடியாதவர்கள் இப்படி மறைப்பது புதிதல்ல. மறைத்தால் ஊர்க்கணக்கில் அவள் குழந்தை. குழந்தைக்கு வகுப்பு கிடையாது. ஒன்றரை வருடம் அப்படியே ஓட்டினேன்.

நர்ஸம்மா ஒருநாள் என்னைத் தெருமுனையில் நிறுத்தினார்கள். "கன்னியம்மாக்கா, ரேவதி மூஞ்சி வெளுத்துப் போய்க்கீதே. உக்காந்துட்டாளா?"

"இன்னும் இல்ல நர்ஸம்மா."

"என்கிட்ட மட்டும் சொல்லு. சடங்க நீ எப்ப வேணா பண்ணிக்க."

"இல்லன்னா இல்ல. ஒருதரம் சொன்னா புரியாதா?"

பையைத் திறந்து, குழந்தைகளுக்குக் கொடுக்கிற பூச்சி மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். நான் சொன்ன பொய்க்கு அந்த மாத்திரைதான் கிடைக்கும்.

ரேவதி பள்ளியிலிருந்து வரும் வழியில் மயங்கி விழுந்தாள். ஆட்டோவில் ஏற்றும்போது நர்ஸம்மாவும் ஏறிக்கொண்டார்கள். அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்கள்.

"எத்தினி நாளா போவுது கண்ணு?"

"இருவது நாளா. எல்லா மாசமும் இப்டித்தான்." அவள் கண்ணைத் திறக்கவில்லை. "எல்லாருக்கும் இப்டித்தானே நர்ஸம்மா?"

ஏழு நாளுக்கு மேல் போனால் என்னிடம் ஓடி வா என்பது அந்த வகுப்பில் முதல் நாளே சொல்கிற பாடம். பக்கத்து வீட்டுப் பெண்களுக்கு அது மனப்பாடம். இவளிடம் யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "வயசுக்கு வந்துட்டாளா?" என்று கேட்டார். அப்போதும் என் வாய் திறக்கவில்லை. "ஆயிட்டா சார். நெறைய ரத்தம் போயிருக்கு" என்று நர்ஸம்மாதான் சொன்னார்கள். ரத்தம் ஏற்றினார்கள். மறுநாள் மத்தியானம் போய்விட்டாள்.

செய்யூர்க்காரன் அன்றைக்கு வந்தான். சடங்குக்குக் கட்ட வேண்டிய பட்டுப்புடவையை உடம்பின்மேல் போர்த்தினான். இன்றுவரை அவனோடு எனக்குப் பேச்சில்லை.

அடுத்த சனிக்கிழமை நர்ஸம்மா வந்து, "இனிமே பத்து வயசு ஆன எல்லாப் பொண்ணும் வரணும். சடங்கு ஆச்சான்னு கேக்க மாட்டேன்" என்றார்கள். தெரு மொத்தமும் பெண்களை நிறுத்திவிட்டது. செத்தவள் வீட்டைக் காட்டி, இந்த வகுப்பு வந்த பிறகுதான் தெருவுக்குக் கெட்ட காலம் என்று பேசினார்கள். ரேவதி ஒருநாள்கூட அந்த வகுப்பில் உட்காரவில்லை என்று எழுந்து சொல்ல வேண்டியவள் நான். சொல்லவில்லை.

மாற்றல் வரும்வரை ஒரு சனிக்கிழமையும் அவர்கள் தவறவில்லை. பால்வாடியில் பாயை விரித்து, சாக்பீஸ் எடுத்து வைத்து, மாலைவரை தனியாக உட்கார்ந்திருப்பார்கள். ஒருநாள் நான் வாசலைத் தாண்டும்போது கூப்பிட்டார்கள்.

"ஒன்ன குத்தம் சொல்ல மாட்டேன்க்கா. அந்தக் கண்டிசனுக்கு நானும்தான தல ஆட்டினேன்? நோட்ல பேரு இல்லன்னு நானும்தான அவள விட்டேன்?"

இல்லை நர்ஸம்மா, என் பொய்தான் என்று நான் சொல்லியிருந்தால் அந்தப் பாரம் அவர்களை விட்டுப் போயிருக்கும். தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன்.

சதுரங்கப்பட்டினத்தில் பெண்கள் அடக்கம் செய்யும் கபர்ஸ்தானுக்குப் போகும் வழக்கமில்லை. ஆண்கள் அவர்களைக் கிடத்திய சந்தூக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருமுனை திரும்பும்வரை மருமகளும் நானும் வாசலில் நின்றோம். எங்கள் தெருவிலிருந்து வேறு யாரும் வரவில்லை.

சாயங்காலம் வீடு திரும்பினோம். எதிர்வீட்டுப் பெண்ணுக்குப் பதின்மூன்று நடக்கிறது. மாதாமாதம் வயிற்றுவலி என்று பள்ளிக்குப் போவதில்லை. உட்கார்ந்துவிட்டாளா என்று அவள் அம்மாவிடம் நேராகவே கேட்டேன்.

"அய்ய, அது பச்சப்புள்ள ஆயா" என்றாள். நான் அவளைத் தாண்டி அந்தப் பெண்ணைப் பார்த்ததும் கதவைச் சாத்திக்கொண்டாள். நர்ஸம்மாவாக இருந்தால் திறக்கும்வரை அங்கேயே நின்றிருப்பார்கள். நான் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு வந்துவிட்டேன்.

போய் வாருங்கள், நர்ஸம்மா. எங்களுக்கு உங்களை விட்டால் ஆளில்லை. நீங்கள் இருந்தபோதும் நாங்கள் வரவில்லை.