முதுகுக்குள் ஒரு கத்தரிக்கோல்

என் முதுகுக்குள் கத்தரிக்கோலை வைத்துத் தைத்துவிட்டார்கள் என்று நான் உறுதியாக நம்பினேன். பெரிய கத்தரிக்கோல் அல்ல, அந்த அளவுக்கு நான் முட்டாள் இல்லை. சின்னது.

துறைமுகத்துக்கு கன்டெய்னர் ஏற்றிப்போகும் டிரெய்லரை வருஷக்கணக்கில் ஓட்டிய முதுகு. டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்று கீழ்முதுகில் ஆபரேஷன் செய்தார்கள். தையல் பிரித்து மாதங்கள் ஆகியும் இடது காலில் வலி போகவில்லை. பின்தொடையில் கிளம்பும், உள்ளங்காலுக்கு வந்ததும் மிளகாய்ப் பொடியை மிதித்த மாதிரி எரியும். கிளட்ச் மிதிக்கிற கால் அது. அது தேறாவிட்டால் எனக்கு வண்டி இல்லை.

எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்றார்கள். எடுத்ததும் அதே ஆஸ்பத்திரிதான். தங்கள் கத்தரிக்கோலைத் தாங்களே காட்டிக்கொடுப்பார்களா? டாக்டர் சிரித்தால் எதையோ மறைக்கிறார் என்று தோன்றியது. சிரிக்காவிட்டால், மறைக்க முடியாமல் தவிக்கிறார் என்று தோன்றியது.

அவர் என் காலைத் தூக்கிப் பார்த்தார், முட்டியில் தட்டினார், பாதத்தில் குண்டூசியால் குத்தினார். "மருந்து ஏத்தி எம்.ஆர்.ஐ. எடுத்துடலாம். டிஸ்க் மறுபடி பிதுங்கியிருந்தா இன்னொரு ஆபரேஷன். உள்ளே தழும்பு வளர்ந்து நரம்பைப் பிடிச்சிருந்தா, கத்தி வேணாம்" என்றார்.

எம்.ஆர்.ஐ. மெஷின் ஒரு ராட்சதக் காந்தம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அப்படியானால் உள்ளே இருக்கும் கத்தரிக்கோல் எந்தப் பக்கமாக வெளியே வரும்? தேதி வாங்காமலே கிளம்பிவிட்டேன்.

நேராகப் போனது எண்ணூர் சாலையில் லாரி பட்டறை வைத்திருக்கும் தோஸ்திடம். எஞ்சினுக்குள் நட்டு விழுந்தால் காந்தத்தை விட்டு எடுக்கிறவன்.

"இன்னா மாமு, உன் பாடில நட்டு தேடணுமா?"

"சிரிக்காத நைனா. வெச்சுப் பாரு."

பெஞ்சில் குப்புறப் படுத்தேன். பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தைச் சட்டைக்கு மேலேயே இடுப்புக்குக் கொண்டுவந்தான். டப்பென்று ஒட்டிக்கொண்டது.

"மாமு! உள்ள சரக்கு கீது!"

பட்டறையே கூடிவிட்டது. வெல்டிங் மெஷினாண்ட போவாத என்று ஒருவர் எச்சரித்தார். போகவில்லை. திருவொற்றியூர் வீட்டுக்கு, முதுகில் யாரும் இடித்துவிடாதபடி பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன்.

பட்டறையில் நடந்ததைச் சொன்னதும் மனைவி என் சட்டையைத் தூக்கிப் பார்த்தாள்.

"யோவ், பெல்ட்ட கயட்டிட்டா வெச்சீங்க?"

ஆபரேஷனுக்குப் பிறகு கட்டிக்கொள்ளச் சொன்ன இடுப்புப் பெல்ட். முதுகு நிமிர்ந்து நிற்க, அதன் பின்பக்கம் நெடுக இரும்புப் பட்டைகள் வைத்துத் தைத்திருந்தார்கள்.

"நாளிக்கு ஸ்கேனுக்குத் தேதி வாங்குற. இல்ல, அந்தக் காந்தத்தாலயே மண்டையில போடுவேன்."

ஸ்கேன் அறையில் பெல்ட்டைக் கழற்றிக் கொடுத்தேன். சந்தேகம் மட்டும் கழலவில்லை. "ஏதாச்சும் வெளிய வர மாதிரி இருந்தா முன்னாடியே சொல்லிடு தம்பி" என்றேன். மெஷின் பக்கம் நின்ற பையன், "பல்செட் இருந்தா மட்டும் குடுங்க சார்" என்றான்.

கத்தரிக்கோல் இல்லை. டிஸ்க்கும் மறுபடி பிதுங்கவில்லை. ஆபரேஷன் செய்த இடத்தில் வளர்ந்த தழும்பு, இடது காலுக்குப் போகும் நரம்பைச் சுற்றிப் பிடித்திருந்தது. இன்னொரு ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லி, நரம்பு வலிக்கு மாத்திரையும் உடற்பயிற்சியும் கொடுத்தார்கள். எரிச்சல் குறைந்திருக்கிறது, போகவில்லை. டிரெய்லரை விட்டுவிட்டு, மணலியில் ஒரு கன்டெய்னர் யார்டு கேட்டில் உட்கார்ந்து வண்டிகளை உள்ளே அனுப்புகிறேன்.