தியேட்டருக்குள் ஒரு ‘ஏங்க’

எங்கள் மயக்க டாக்டர் அம்மாவுக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டார். வாயைப் பூட்டிக்கொள்வார். கத்துகிறவர்களைச் சமாளித்துவிடலாம், இவரை முடியாது. அவருடைய கணவர்தான் எங்கள் ஆஸ்பத்திரியின் தாடை சர்ஜன். இருவரும் ஒரே காரில் வந்து ஒரே மேஜையருகே நிற்பவர்கள்.

சண்டை வந்தால் வீட்டில் மகள் தூது. ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸான நான்.

‘சாருக்கு லைட் போதுமான்னு கேளு சிஸ்டர்’ என்பார் அம்மா. போதும் என்று சொல்லச் சொல்வார் சர்ஜன். நடுவில் கை நீட்டினால் தொடும் தூரம். நான் கிளிப்பிள்ளை மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒப்பிப்பேன். மற்றவர்கள் மாஸ்க்குக்குள் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன், பொய் சொல்வானேன்.

அன்றும் ஊமைச் சண்டைதான். மேஜையில் ஒரு பஸ் டிரைவர். படிக்கட்டில் தவறி விழுந்ததில் கன்னத்து எலும்பு உள்ளே அமுங்கிவிட்டது. அவர் மனைவி வெளியே பெஞ்சில், கணவரின் செருப்பை ஒரு பையில் போட்டு மடியில் வைத்திருந்தார். கன்னம்தானே, பயமில்லையே என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். நானும் கன்னம்தான் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்திருந்தேன்.

எலும்பைக் கொக்கியால் தூக்கும் நேரம் அம்மாவுக்குப் பிடிக்காத நேரம். முகத்தின் உணர்ச்சியைச் சுமக்கும் பெரிய நரம்பு அப்போது இழுபடலாம். இழுபட்டால் சிலருக்கு மூளை இதயத்தை அடக்கிவிடும். துடிப்பு குறையும், நின்றும் போகலாம். அதற்கு முதல் வைத்தியம் மருந்து இல்லை, இழுப்பதை விடுவது. அதனால்தான் மானிட்டரில் துடிப்பின் ஒலியை அம்மா எப்போதும் உரக்க வைத்திருப்பார். சர்ஜனுக்கு அது தலைவலி.

சர்ஜன் கொக்கியை மாட்டித் தூக்கினார். சீராக ஓடிக்கொண்டிருந்த ஒலி தளர்ந்தது.

‘கையை எடுக்கச் சொல்லு சிஸ்டர்.’

சொன்னேன்.

‘எலும்பு இப்பத்தான் உக்காருது. ஒரு நிமிஷம்னு சொல்லுங்க.’

அம்மாவின் காதில் விழுந்த வார்த்தைதான் அது. இருந்தாலும் திரும்பி நின்று ஒப்பித்தேன். பழக்கம் அப்படி. நான் ஒப்பித்து முடிப்பதற்குள் ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவே பெரிய பள்ளம் விழுந்துவிட்டது. பிறகு அடுத்தது வரவே இல்லை. திரையில் கோடு படுத்துவிட்டது.

‘ஏங்க’ என்றார் அம்மா. ‘கையை எடுங்க.’

தியேட்டருக்குள் அவர் சர்ஜனை ‘சார்’ என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லி நான் கேட்டதில்லை. இது அடுப்படியிலிருந்து கூப்பிடுகிற வார்த்தை. சர்ஜனின் கை சுட்டதுபோல் பின்னால் வந்தது. அம்மா மருந்தை ஏற்றிவிட்டு இரண்டு உள்ளங்கைகளையும் டிரைவரின் மார்பில் பதித்தார். செருப்புப் பையோடு இருக்கும் அந்தப் பெண்ணிடம் யார் போய்ச் சொல்வது?

அம்மா அழுத்தக் குனிந்தபோது ஒரு துடிப்பு கேட்டது. இன்னொன்று கேட்டது. அதன் பிறகு அது பாட்டுக்கு ஓட ஆரம்பித்தது.

வெகுநேரம் காத்திருந்தார்கள். மறுபடி தூக்கும் முன் சர்ஜன் நேராக அம்மாவைப் பார்த்துத் தூக்கலாமா என்று கேட்டார். மெதுவா, என்றார் அம்மா. எலும்பு இடத்தில் உட்கார்ந்தது.

வெளியே இருவருமே போனார்கள். நரம்பின் மேல் பழியைப் போட்டிருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இதயம் சற்று நேரம் நின்றது என்று அம்மா ஆரம்பித்தார். சர்ஜன் குறுக்கிட்டார்.

‘இவங்க கையை எடுக்கச் சொன்னாங்கம்மா. நான் உடனே எடுக்கல.’

‘நானும் நேரா சொல்லல’ என்றார் அம்மா.

அந்தப் பெண் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

‘இப்ப ஓடுதா?’

‘ஓடுது.’

அவர் பையிலிருந்து செருப்பை எடுத்து, கதவோரமாக ஜோடி சேர்த்து வைத்தார். பிறகுதான் அழுதார்.

மறுநாளும் சண்டை தீர்ந்தபாடில்லை. இருவர் முகமும் கடுகடுவென்றிருந்தது. நான் வழக்கம்போல, ‘சார், லைட் போதுமான்னு அம்மா…’ என்று ஆரம்பித்தேன்.

‘நீ இரு சிஸ்டர்’ என்று அம்மா கையமர்த்தினார். கணவரின் பக்கம் திரும்பினார். ‘சார், லைட் போதுமா?’

‘போதும்.’

அன்று முழுக்க அவர்கள் வேறெதுவும் பேசிக்கொள்ளவில்லை. துடிப்பின் ஒலி மட்டும் உரக்கக் கேட்டுக்கொண்டிருந்தது.